பெருந்தோட்ட வைத்தியசாலைகளும் நோயாளர் பதிவேடுகளும்: கொஸ்லந்தப் பகுதியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

நோயாளரைப் பற்றிய செய்திகளை எழுதிவைக்கும் வழக்கம் வைத்தியசாலை என்னும் நிறுவனத்தோடு உடன்பிறந்ததாகும். யார் வந்தார், என்ன நோயுடன் வந்தார், என்ன மருந்து கொடுக்கப்பட்டது, பிழைத்தாரா அன்றி இறந்தாரா என்னும் வினாக்களுக்கு ஏதோவொரு வகையில் விடை கூறாத வைத்தியசாலைப் பதிவேடு இல்லை எனலாம். அப்பதிவேடு இன்று கணினியில் ஏறி, மருத்துவத் தகவல் முறைமை என்னும் புதுப்பெயரையும் பெற்றுள்ளது. பெருஞ்செலவில் நிறுவப்படும் இம்முறைமைகள் வெற்றியடைந்தனவா என்பதை எவ்வாறு அறிவது என்ற வினா கடந்த சில பத்தாண்டுகளாக ஆராய்ச்சியாளரிடையே பெரிதும் விவாதிக்கப்பட்டு வருகின்றது. ஆயின் இவ்வினா கணினியினும் மிகப் பழையது. இலங்கையின் மலையகப் பெருந்தோட்டங்களில் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக நோயாளர் பற்றிய தகவல்கள் திரட்டப்பட்டு வந்துள்ளன. அவற்றைத் திரட்டியோர் தம் பணி செவ்வனே நடைபெறுவதாகவே கருதினர். அப்பதிவேடுகளில் இடம்பெற்ற மக்களின் நிலையில் நின்று நோக்குமிடத்து அவ்வெற்றி எத்தகையது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

வைத்தியசாலைப் புள்ளிவிபரங்களை ஒரே சீராகத் திரட்டவேண்டும் என வற்புறுத்தியோருள் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் முன்னோடியாவார். 1860ஆம் ஆண்டில் இலண்டனிற் கூடிய அனைத்துலகப் புள்ளிவிபர மாநாட்டின் முன் அவருடைய திட்டம் வைக்கப்பட்டது. இரு வைத்தியசாலைகளின் இறப்பு வீதங்களை ஒப்பிட வேண்டுமாயின் இரண்டிலும் நோய்களுக்கு ஒரே பெயர் வழங்கவேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். கணினியுகத்தில் இத்துறைக்கு அளவுகோல் வகுத்தோருள் டிலோன், மக்லீன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பெரிதும் எடுத்தாளப்படுகின்றனர். 1992இல் வெளிவந்த அவர்களது கட்டுரை ஒரு தகவல் முறைமையின் வெற்றியை ஆறு கூறுகளாகப் பகுத்தது: முறைமையின் தரம், அது தரும் தகவலின் தரம், அது எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது, பயன்படுத்துவோரின் மனநிறைவு, தனியாள்மீது அது ஏற்படுத்தும் விளைவு, நிறுவனத்தின்மீது அது ஏற்படுத்தும் விளைவு என்பன அவை. 2003இல் இதனைத் திருத்தியமைத்த அவர்கள், சேவையின் தரத்தைப் புதிதாகச் சேர்த்து, இறுதி இரண்டையும் நிகர நன்மை என ஒன்றாக்கினர். அவ்வாறு ஒன்றாக்கியபோது, நன்மை எனப்படுவது யாருக்கு நன்மை என்பதை ஆய்வாளர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்றும் குறித்தனர். அவர்தம் கட்டுரைகளை எடுத்தாள்வோர் பலர் ஆறு கூறுகளையும் பட்டியலிட்டுவிட்டு இவ்வொரு வாக்கியத்தை விட்டுவிடுகின்றனர் என்பது வருந்தத்தக்கது.

ஒரே கருவி ஓரிடத்தில் நன்மையும் பிறிதோரிடத்தில் தீமையும் பயக்கலாம் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்று உண்டு. பிட்ஸ்பர்க் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் 2002ஆம் ஆண்டில் வைத்தியரின் மருந்துக் கட்டளைகளைக் கணினியிற் பதியும் முறை புகுத்தப்பட்டது. வேறு வைத்தியசாலைகளிலிருந்து அங்கு அனுப்பப்பட்ட குழந்தைகளின் இறப்பு வீதம், அதற்கு முன்னர் 2.80 ஆக இருந்தது பின்னர் 6.57 ஆக உயர்ந்தது என 2005இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. குழந்தை வந்துசேரும் முன்பே மருந்துகளை ஆயத்தஞ் செய்யும் பழைய வழக்கம் தடைப்பட்டமையும், கட்டளையைப் பதிவதிற் காலம் கழிந்தமையும், தாதியர் நோயாளியின் கட்டிலை விட்டு விலகி நிற்க நேர்ந்தமையும் காரணங்களாகக் கூறப்பட்டன. அதே வகைக் கணினி முறையை நிறுவிய சியாற்றில் நகரச் சிறுவர் வைத்தியசாலையில் இறப்பு வீதம் உயரவில்லை என்பது அடுத்த ஆண்டிலேயே நிறுவப்பட்டது. எனவே முறைமையின் வெற்றியை அறிய விழைவோர் அது நாட்டப்பட்ட மண்ணின் இயல்பையும் அறிதல் வேண்டும். இனி மலையக மண்ணுக்கு வருவோம்.

பதுளை மாவட்டத்தில் பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி மலைச்சரிவில் இறங்கும் வீதியில், தியலும நீர்வீழ்ச்சிக்கு அணித்தாக அமைந்துள்ள சிற்றூர் கொஸ்லந்த. அதன் மேற்புறத்துச் சரிவுகளில் மீரியபெத்த, பூனாகலை, மக்கல்தெனிய முதலிய தோட்டங்கள் பரந்துள்ளன. கோப்பியின் காலத்திலும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலையின் காலத்திலும், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் உழைப்பே இச்சரிவுகளை உருமாற்றியது. தோட்டத்தில் நோயுற்ற ஒருவர் முதலில் தோட்டத்து மருந்தகத்துக்கும், அங்கிருந்து கொஸ்லந்த அரசாங்க வைத்தியசாலைக்கும், நோய் முற்றின் தியத்தலாவைக்கோ, மக்கள் பெரியாஸ்பத்திரி என வழங்கும் பதுளை வைத்தியசாலைக்கோ செல்லுதல் வழக்கம். இந்நான்கு படிகளிலும் நான்கு பதிவேடுகள் உண்டு. அவை ஒன்றையொன்று அறிந்திருந்தனவா என்பது வரலாறு முழுவதும் தொடரும் கேள்வியாகும்.

பெருந்தோட்ட மருத்துவத்துக்குச் சட்டவடிவம் தந்தது 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். கால்நடையாக வந்த தொழிலாளர் வழியிலும் தோட்டத்திலும் பெருந்தொகையினராக மாண்டமை இலங்கையிலும் இந்தியாவிலும் கண்டனத்துக்கு உள்ளாகியிருந்த காலம் அது. தோட்டப் பகுதிகளுக்கு மருத்துவ வசதி அளிப்பதையும் அதற்கான செலவைத் துரைமாரிடம் அறவிடுவதையும் அச்சட்டம் நோக்காகக் கொண்டது. செலவை யார் ஏற்பது என்பது பற்றித் துரைமாருக்கும் அரசுக்குமிடையே நாற்பது ஆண்டுகள் நடைபெற்ற இழுபறியின் பின், 1912இல் 9ஆம் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டங்கள் இரண்டும் நிறைவேறின. தோட்டத்தில் யார் நோயுற்றுள்ளனர் என்பதை அறிந்துகொள்வதும், பிறப்பு இறப்புகளை உரியவர்க்கு அறிவிப்பதும் தோட்டத் துரையின் சட்டக் கடமைகளாயின. மலையகத்தின் முதல் மருத்துவத் தகவல் முறைமை இதுவெனக் கொள்வதிற் தவறில்லை. அம்முறைமையில் தகவலைத் தருபவர் தொழிலாளி. அதற்குப் பொறுப்பாளர் அவரை வேலைக்கு அமர்த்தியவர். நோய் கூடியதெனப் பதிவேடு காட்டுமாயின் குற்றம் சாரக்கூடியவரிடமே பதிவேடு ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

நாளாந்த நடைமுறையில் இப்பொறுப்பு தோட்டத்து டிஸ்பென்சரிடம் சென்றது. பிற்காலத்தில் தோட்ட மருத்துவ உதவியாளர் எனப் பெயர்பெற்ற இவரை மக்கள் டொக்டர் ஐயா என்றே அழைத்தனர். அவர் நிருவாகத்திடம் சம்பளம் பெறுபவர், அரசாங்க வைத்தியரல்லர். மருந்தகப் பதிவேட்டிற் பெயர் எழுதப்பட்டால்தான் தொழிலாளி நோயாளி ஆவார். அதிகாலையிற் பிரட்டுக்களத்தில் ஆளெண்ணி, மாலையிற் கொழுந்து நிறுத்து, செக்ரோலிற் பெயர் பதிவதே தோட்டத்து நாளின் ஒழுங்கு. தோட்டத்து வழக்கிற் 'பேர்' என்னுஞ் சொல்லுக்கு ஒருநாட் கூலி என்பதே பொருள். முழுநாள் உழைத்தவருக்குப் பேர். நிறை குறைந்தவருக்கு அரைப்பேர். நோயாளிக்கோ மருந்தகப் பதிவேட்டிற் பெயர் விழுந்த அன்று செக்ரோலிற் பேர் இல்லை. எனவே காய்ச்சலுடன் மலைக்குச் செல்வதா, கூலியை இழந்து மருந்தகத்தில் நிற்பதா என்பதைத் தொழிலாளி தானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. காய்ச்சலை மறைத்து மலையேறியவர் மருந்தகக் கணக்கில் நலமுடையவர். இத்தகைய பதிவேட்டிலிருந்து தோட்டத்தின் உடல்நலத்தைக் கணிப்பது, கூலி இழக்கத் துணிந்தோரின் தொகையைக் கணிப்பதேயாகும். டிலோன், மக்லீன் கூறும் 'பயன்பாடு' என்னும் அளவைகொண்டு பார்த்தால், நாள் தவறாது நிரப்பப்பட்ட இப்பதிவேடு உயர்ந்த மதிப்பெண் பெறும்! எவர் வேலைக்கு உதவுவார், எவர் உதவார் என்பதை நிருவாகத்துக்குச் சொல்வதே அதன் பணியாயின் அது குறைவின்றி நிறைவேறியது என்பதையும் மறுப்பதற்கில்லை.

தகவலின் தரம் என்னும் கூறுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முகம் வெளுத்து, கால் வீங்கி, மூச்சிரைத்துத் தொழிலாளர் மெலிந்து மாண்டமை வைத்தியர்களைத் திகைக்கவைத்தது. அரசாங்க வைத்தியப் பகுதியின் தலைவராக இருந்த கின்சி 1887இல் இதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். இலங்கையின் சோகை அல்லது பெரிபெரி என்பது அவ்வறிக்கையின் பொருள். இன்று வெவ்வேறெனத் தெளிந்த இரு நோய்கள் 'அல்லது' என்னும் ஒரு சொல்லால் அன்று இணைக்கப்பட்டிருந்தன. குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவை மிலான் நகர வைத்தியர் டுபினி 1838இலேயே கண்டிருந்தார். சென் கொதார்ட் சுரங்கம் தோண்டிய தொழிலாளரிடையே 1880 அளவில் அது பரவியபோது ஐரோப்பா அதன் வலிமையை அறிந்தது. அவ்வறிவு இங்குள்ள பதிவேடுகளின் நோய்ப்பெயர்களில் ஏறுவதற்கு நெடுங்காலம் சென்றது. பலவீனம், நீர்க்கோவை, கழிச்சல் என்னும் பெயர்களின்கீழ் மறைந்த மரணங்களுள் எத்தனை அப்புழுவால் நேர்ந்தவை என்பதை இனி எக்கணக்காளராலும் பிரித்தறிய இயலாது. அறிகுறி நோயின் பெயராகப் பதியப்படும்போது காரணத்தைத் தேடும் கடமை அங்கேயே முடிவுபெற்றுவிடுகின்றது. பலவீனத்தால் மாண்டவர் தம் உடலின் குறையால் மாண்டவர். கொக்கிப்புழுவால் மாண்டவரோ மலசலகூடம் இல்லாத லயத்தால் மாண்டவர். பெயர் மாறியவுடன் பொறுப்பும் இடம் மாறுகிறது. நைற்றிங்கேல் அம்மையார் நோய்ப்பெயர்களின் சீர்மையை வற்புறுத்தியதன் முழுப்பொருள் இத்தகைய இடங்களிலேயே விளங்கும்.

கொக்கிப்புழு பற்றிய ஐயம் நீங்கிய பின்னும் அளவிடும் முறையில் இருந்த கோளாறு நீங்கவில்லை. அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனம் 1916இல் இலங்கையிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஆரம்பித்தது. பெயர்ப்பட்டியலுடன் ஓரிடத்தில் வாழும் மக்கட்கூட்டம், கட்டளையிட ஒரு துரை, கணக்கெழுத ஓர் அலுவலகம் என்பன ஒருங்கே கிடைத்தமையால் தோட்டம் அவ்வியக்கத்தினருக்கு வாய்ப்பான களமாயிற்று. மலம் சோதிக்கப்பட்டது, புழுநீக்கும் எண்ணெய் கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர், எத்தனை பேர் மருந்துண்டனர் என்பன பதிவாயின. ஆனால் மருந்துண்டவர் வெறுங்காலுடன் அதே மண்ணிலேயே நடந்தார். மலசலகூடங்கள் போதிய அளவிற் கட்டப்படவில்லை. அதற்கான செலவுக்குத் துரைமார் விரைந்து முன்வரவுமில்லை. புழு மீண்டும் தொற்றியது. மருந்துண்டோர் என்னும் நிரல் வளர்ந்துகொண்டே செல்ல, நோய் நின்ற இடத்திலேயே நின்றது. இவ்வனுபவத்தின் பயனாக அந்நிறுவனத்தார் தனியொரு நோயைத் துரத்துவதை விடுத்துப் பொதுச் சுகாதாரத்தின்பால் திரும்பினர். 1926இற் களுத்துறையில் நிறுவப்பட்ட சுகாதாரப் பிரிவு அத்திருப்பத்தின் விளைவு. இலங்கையின் பொதுச் சுகாதார வரலாற்றிற் பெருமையுடன் பேசப்படும் களுத்துறைக்குப் பின்னால் தோட்டங்களிற் கண்ட தோல்வி ஒன்று உண்டு என்பது அத்துணை அடிக்கடி நினைவுகூரப்படுவதில்லை. வேறொரு செய்தியும் இங்குக் குறிப்பிடத்தக்கது. அத்தோல்வி தெரியவந்ததே மருந்துண்டோரை மீளவும் சோதித்தமையாற்றான். ஒரு பதிவேடு தன்னைத்தானே ஐயுறுவதற்கு இடம்வைத்திருப்பின் அது தோல்வியிலும் பயன்தரும்.

மருத்துவத்துக்கு அப்பாலும் தோட்டத்துப் பதிவேடுகளுக்கு ஒரு வாழ்வு இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமேனும் இலங்கையிற் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், இடையறாது வாழ்ந்த ஆண்டுகளுக்குச் சான்று கேட்டது. பிறப்பை அறிவிக்கும் கடமை துரையுடையதாயிருந்த சமூகத்தில், துரையும் எழுதுவினைஞரும் காட்டிய கவனத்தின் அளவே ஒருவரின் பிறப்புச் சான்றிதழாகும். தகப்பன் ஆங்கிலத்தில் ஓரெழுத்தினாலும் மகன் வேறோர் எழுத்தினாலும் பதியப்பட்டிருப்பின் இருவரும் சட்டத்தின்முன் அந்நியரே. லயத்தில் வழங்கிய பெயர் ஒன்று, செக்ரோலிற் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் மற்றொன்று, பிறப்புப் பதிவிலுள்ள பெயர் பிறிதொன்று என மும்மைப் பெயருடன் வாழ்ந்தோர் பலர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. குடியுரிமை பெற்றோர் 1 இலட்சத்து 34 ஆயிரம் அளவினரே. இதற்கு அரசியற் காரணங்களே முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. எனினும் பதிவேட்டின் பிழை அவ்வரசியலுக்கு வாய்ப்பான கருவியாயிற்று. ஒரு தகவல் எதற்காகத் திரட்டப்பட்டதோ அதற்கப்பாலும் அது சென்று ஒருவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று இலங்கையில் இல்லை. வழிவழியாகத் தொடர்ந்த நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாற்றான் பெரிதும் தீர்வுபெற்றது.

1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவ்விடைக்காலத்தில், உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1974இல், தோட்டப் பகுதிகளின் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது. நாட்டின் ஏனைய பகுதிகளைவிட அங்கு குழந்தைகள் பெருமளவில் மாண்டமை பின்னர் வெளியான புள்ளிவிபரங்களில் தெளிவாகத் தெரிந்தது. 'பின்னர்' என்னுஞ் சொல்லே இங்கு கருத்தூன்றி நோக்கவேண்டியது. மரணத்தை எண்ணும் முறைமை இருந்தது. மரணம் நிகழும் வேளையில் எச்சரிக்கும் முறைமை இருக்கவில்லை. 1992இல் தோட்ட நிருவாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. தோட்டத்து வைத்தியசாலைகளை அரசாங்கச் சுகாதார சேவையோடு இணைக்கும் பணி 1990களில் ஆரம்பமாகி மெதுவாகவே நடந்தது. சில கைமாறின; பல தோட்டங்களில் பழைய மருந்தக முறையே நீடித்தது. ஆயினும் இதே காலப்பகுதியில் வேறொரு வகைப் பதிவேடு லயங்களுக்குள் நுழைந்தது. கர்ப்பிணித் தாய்மாரின் அட்டையும், குழந்தையின் நிறையும் தடுப்பூசியும் குறிக்கும் வளர்ச்சிப் பதிவேடும் தாயின் கையிலேயே கொடுக்கப்பட்டன. மருத்துவிச்சி வரும்போது தாய் அதனை எடுத்துக் கொடுக்கிறாள். வேறு ஊருக்குச் சென்றால் உடன் எடுத்துச் செல்கிறாள். நிறைக்கோடு கீழிறங்கினால் அதனை எழுத்தறியாதவரும் கண்டுகொள்வர். மலையகப் பதிவேடுகளின் நெடிய வரலாற்றில், எழுதப்பட்டவரே உடைமையாளராக இருந்த முதற் பதிவேடு இதுவே எனின் மிகையாகாது.

கொஸ்லந்த என்னும் பெயரை உலகச் செய்திகளுக்குக் கொண்டுவந்தது 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மீரியபெத்த தோட்டத்தில் நிகழ்ந்த மண்சரிவாகும். லயங்கள் மண்ணுள் மறைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர்தப்பித் திரும்பியபோது வீடும் பெற்றோரும் இல்லை. அன்று எழுந்த முதற்கேள்வி எத்தனை பேர் என்பது. முந்நூறு என்றனர், பின்னர் நூறு என்றனர், தொடர்ந்த நாட்களிலும் தொகை மாறிக்கொண்டே இருந்தது. ஊர் அலுவலரின் பதிவேடுகளும் மண்ணோடு போயின என அப்போது செய்திகள் வெளியாயின. வேலைக்கு வந்தோரை நாடோறும் எண்ணிய ஒரு நிருவாக மரபு, அன்று லயத்தில் இருந்தோரை எண்ணிச் சொல்ல இயலாது நின்றது. முதியவர், கைக்குழந்தை, வேலைக்குச் செல்லாத நோயாளி ஆகியோர் செக்ரோலில் இல்லாதவர். அவ்வேளையில் வீட்டில் இருந்திருக்கக் கூடியவர்களும் இவர்களே.

இச்சோகத்தில் தகவல் இல்லாமையினும் கொடியதொன்று உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அச்சரிவின் அபாயத்தை எடுத்துக்கூறி, மக்களை வேறிடத்தில் குடியேற்றுமாறு அறிவுறுத்தியிருந்தது. தகவல் சரியானது, உரிய காலத்தில் வந்தது, உரியவரிடமும் சேர்ந்தது. அளவுகோல் கேட்கும் கூறுகள் பலவும் அங்கு நிறைந்திருந்தன. மாற்றுக் காணியும் வீடும் ஆயத்தமாய் இல்லாதவரிடம் 'வெளியேறுக' என்பது எவ்வாறு பயன்தரும்? மலசலகூடமின்றிக் கொடுக்கப்பட்ட புழுமருந்தும், காணியின்றிக் கொடுக்கப்பட்ட எச்சரிக்கையும் நூறாண்டு இடைவெளியிலும் உறவுடையவை.

இன்று வைத்தியசாலைகளிற் கணினி புகுந்துவரும் காலத்தில் இவ்வரலாறு எவ்வகையிற் பொருந்தும்? காலாண்டுதோறும் கடதாசியில் அனுப்பப்பட்டுவந்த உள்நோயாளர் நோய், இறப்பு அறிக்கை 2010ஆம் ஆண்டளவிலிருந்து இணையவழி அனுப்பப்படலாயிற்று. நோய்ப்பெயர்கள் அனைத்துலக வகைப்பாட்டின்படி குறியீடு பெறுகின்றன. கட்டற்ற மென்பொருளாக அமைந்த வைத்தியசாலைத் தகவல் முறைமைகள் பல அரசாங்க வைத்தியசாலைகளில் நிறுவப்பட்டுள்ளன. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு தனியாள் சுகாதார இலக்கம் என்னும் கருத்தும் நடைமுறைக்கு வந்துள்ளது. வைத்தியர்களே மருத்துவத் தகவலியலிற் பட்டப்பின் பயிற்சி பெறுவதற்கு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் வழிசெய்துள்ளது. 2020இன் தொடக்கத்தில் கொவிட் தொற்று பரவத் தொடங்கியவுடன், வெளிநாட்டிலிருந்து வருவோரைக் கண்காணிக்கும் கணினி முறையொன்றை இங்குள்ளவர்களே சில நாட்களுள் ஆக்கினர். பிற நாடுகள் பலவும் அதனைப் பின்பற்றின. ஆற்றல் இங்கு இல்லை என்று எவரும் சொல்வதற்கில்லை.

ஆயின் அளவிடும் முறையிற் பழைய பழக்கம் எளிதிற் போவதில்லை. எத்தனை வைத்தியசாலைகளில் நிறுவப்பட்டது, எத்தனை நோயாளர் பதியப்பட்டனர், காலாண்டு அறிக்கை உரிய நாளில் வந்ததா என்பன எண்ணுதற்கு எளியவை. மருந்துண்டோரை எண்ணியதும் இதே எளிமை பற்றியே. கொஸ்லந்தச் சரிவுகளிலுள்ள ஒருவரை முன்னிறுத்தி வினாக்களை அமைப்பின் அவை வேறாகும். வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுவதையும் வரவேற்பு எழுதுவினைஞர் சிங்களத்திற் கேட்பதையும் தமிழ்மட்டும் அறிந்த தாய் எவ்வாறு எதிர்கொள்கிறாள்? லயத்துப் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் வேறாயிருப்பின் கணினி இருவரெனக் கொள்ளுமா, ஒருவரெனக் கொள்ளுமா? ஒரே தோட்டத்தில் ஒரே பெயருடைய பெண்கள் ஐவர் இருப்பின் ஒருத்தியின் ஒவ்வாமைக் குறிப்பு மற்றொருத்தியிடம் செல்லாதிருக்க என்ன காவல் உண்டு? மழைக்காலத்தில் மின்சாரம் நின்றால் மருந்தகம் எதனைப் பார்த்து மருந்து கொடுக்கும்? பதுளையில் வைத்தியர் எழுதிய முடிவு மீண்டும் தோட்டத்துக்கு வருமா? கடைசி வினாவே எல்லாவற்றிலும் பெரிது. தோட்டத்திலிருந்து மேல்நோக்கிச் செல்லும் தகவலுக்கு 1872 முதல் வழியுண்டு. மேலிருந்து நோயாளியிடம் திரும்பும் தகவலுக்கு அவ்வாறு வகுக்கப்பட்ட பாதை அரிது.

அப்பாதையை இதுவரை ஏற்படுத்தி வந்தவர் நோயாளரே. கட்டிலின் தலைமாட்டுச் சீட்டை 'டிக்கற்' என்றும், வைத்தியசாலையை விட்டு வெளியேறுவதை 'டிக்கற் வெட்டுதல்' என்றும் மக்கள் வழங்குவர். டிக்கற் வெட்டியதும் அச்சீட்டு வைத்தியசாலைக் களஞ்சியத்திற் தங்கிவிடும். நோயாளியின் கையில் எஞ்சுவது நோய்நிர்ணய அட்டையொன்றும், கடையில் வாங்கிய கிளினிக் கொப்பியுமே. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடைய முதியவர் மாதந்தோறும் அக்கொப்பியை மழையில் நனையாது பொலித்தீன் பையிற் சுற்றி, முதல் பஸ்ஸிற் பதுளைக்குக் கொண்டு செல்கிறார். சென்ற மாதம் என்ன மருந்து, எவ்வளவு, யாருடைய கையெழுத்து என்பவை யாவும் அதில் உண்டு. நான்கு வைத்தியசாலைகளின் பதிவேடுகளையும் ஒன்றிணைக்கும் முறைமை அவருடைய கையிலுள்ள அந்தப் பைதான். கணினி அதன் இடத்தை ஏற்கும் நாளில், கொப்பி சொன்னவற்றையெல்லாம் அதுவும் சொல்கிறதா என்பதைப் பதுளையிலும் கொழும்பிலும் சோதித்தல் போதாது. பூனாகலை மேற்பிரிவின் மருந்தகத்திலும் சோதித்தல் வேண்டும்.